பென்சிலைக் கண்டால் அழும் பையனும் மூன்று நாடுகளும்

கேள்வி: என் மகனுக்கு அடுத்த மாதம் நான்கு வயது முடிகிறது. எல்.கே.ஜி. போகிறான். தினமும் இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்கிறார்கள். சாயங்காலம் பென்சிலை எடுத்தாலே அழ ஆரம்பித்துவிடுகிறான். என் அக்கா பின்லாந்தில் இருக்கிறாள். அவள் பையனுக்கு ஆறு வயது. இன்னும் ஒழுங்காக ஓர் எழுத்து எழுதத் தெரியாது, நாள் முழுக்க விளையாட்டுதான், அங்கே யாரும் அதற்குக் கவலைப்படுவதில்லை. நாத்தனார் சிங்கப்பூரில். அவர் மகள் ஐந்து வயதிலேயே ஆங்கிலமும் தமிழும் வாசிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மூன்று குழந்தைகளையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குக் குழப்பமாக இருக்கிறது. எந்த நாடு செய்வது சரி? என் கணவருக்கு வெளிநாட்டு வேலைக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. மகனுடைய படிப்புக்காகவே போய்விடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

நாடுகளைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துப் பேசலாம். முதலில் அந்த அழுகை.

நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. நான்கு வயதில் அவற்றில் ஏறக்குறைய பாதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் அந்த இடங்கள் வெறுமையாகத் தெரியும். பென்சிலை மூன்று விரலால் பிடித்து ஒரு கோட்டுக்குள் நிறுத்துவதற்கான பலம் தோளில் தொடங்கி, முழங்கை, மணிக்கட்டு என்று மெதுவாகக் கீழே இறங்கி விரலுக்கு வருகிறது. தொங்குவது, ஏறுவது, மண் பிசைவது, துணி பிழிவது, காகிதம் கிழிப்பது, இவைதான் அந்தப் பலத்தைக் கொடுக்கும் வேலைகள். உங்கள் மகன் சோம்பலால் அழுகிறான் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் கை வலிக்கிறது. அதைச் சொல்லத் தெரியாமல் அழுகிறான். இன்று மாலையே இரண்டு பக்கத்தை இரண்டு வரியாகக் குறைத்துவிடுங்கள். "கை வலித்தது, நிறுத்திவிட்டேன்" என்று நீங்களே நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பள்ளியில் என்ன சொல்வார்கள் என்ற பயம் இருக்கும். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

சரி, நாடுகளுக்கு வருவோம். நான் இருபது வருஷங்களுக்கு மேலாக மழலையர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். உங்கள் கேள்வி எல்லா ஊர்ப் பெற்றோரிடமிருந்தும் வருகிறது. எல்லோரும் ஒரே அளவுகோலை வைத்துத்தான் பார்க்கிறார்கள்: எந்த வயதில் எழுதுகிறது, எந்த வயதில் வாசிக்கிறது. வீடியோ காலில் கண்ணுக்குத் தெரிவது அது மட்டும்தான். உங்கள் மகனுக்கு உண்மையில் வேறுபாட்டை உண்டாக்குவது எதுவோ அது அந்தத் திரைக்குள் வராது.

பின்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பள்ளி ஏழு வயதில் தொடங்குகிறது. ஆறு வயதில் ஓராண்டு முன்பள்ளி. 2015 முதல் அது கட்டாயம். அந்த ஆண்டில் எழுத்துகள் பழக்கமாகும், ஆனால் வாசித்தே ஆகவேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அதற்கு முந்தைய வயதில் உங்கள் அக்கா மகன் "சும்மா விளையாடினான்" என்று தோன்றும். ஆனால் அங்கே மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு, ஏழு பேருக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று வயதுக்குக் கீழ் என்றால் நான்கு பேருக்கு ஒருவர். ஆசிரியர் என்ற பதவியில் இருப்பவர் இதற்கென்றே பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர். ஏழு குழந்தைகளோடு இருக்கும் ஒருவர், மணலில் பாலம் கட்டுகிற பையனிடம் போய் உட்கார்ந்து, "தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்க முடியும். அவன் யோசித்துச் சொல்லும்வரை காத்திருக்கவும் முடியும். அந்தக் காத்திருப்பில் மொழி வளர்கிறது, கணக்கு வளர்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் மணல் விளையாட்டு.

பின்லாந்து தாமதமாகத் தொடங்கியும் தப்பித்துக்கொள்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதைப் பலர் சொல்வதில்லை. ஃபின்னிஷ் மொழியில் ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய ஒரே ஓசைதான். எழுதியிருப்பதை அப்படியே ஒலித்தால் சொல் வந்துவிடும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வு 13 ஐரோப்பிய மொழிகளில் குழந்தைகள் முதல் வகுப்பு முடிக்கும்போது எவ்வளவு வாசிக்கிறார்கள் என்று பார்த்தது. ஃபின்னிஷ் குழந்தைகள் பழகிய சொற்களில் 95 சதவீதத்துக்கும் மேல் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலம் படித்த ஸ்காட்லாந்துக் குழந்தைகள் 34 சதவீதம். ஸ்காட்லாந்துக் குழந்தைகள் வயதில் சிறியவர்கள் என்பது உண்மைதான். ஆனால் அதை மட்டும் வைத்து இந்த இடைவெளியை விளக்க முடியாது என்றார்கள் ஆய்வாளர்கள். ஆங்கில எழுத்துமுறை அப்படிப்பட்டது. இங்கிலாந்து நான்கு வயதில் ரிசப்ஷன் என்ற தொடக்க வகுப்பில் எழுத்தோசை சொல்லிக்கொடுக்கத் தொடங்குவதற்கும், ஒரு ஃபின்னிஷ் குழந்தை ஏழு வயதில் தொடங்கிச் சில மாதங்களில் வாசித்துவிடுவதற்கும் பின்னால் இது இருக்கிறது.

இந்த இடத்தில் தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் எழுத்து ஒழுங்கானது, ஆனால் 247 எழுத்துகள். அவற்றில் பல ஒரே மாதிரி கொம்பும் சுழியும் கொண்டவை. 'க' என்ற ஒரே எழுத்து 'கல்' என்பதில் ஒரு மாதிரி, 'தங்கம்' என்பதில் ஒரு மாதிரி, 'பகல்' என்பதில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், வீட்டில் "வந்துட்டேன்" என்று கேட்டு வளர்ந்த குழந்தை புத்தகத்தில் "வந்துவிட்டேன்" என்று பார்க்கிறது. அதனால் எழுத்துத் தமிழைக் காதால் நிறையக் கேட்டிருந்தால்தான் கண்ணால் வாசிப்பது எளிதாகும். நான்கு வயதில் தமிழுக்குச் செய்யவேண்டிய முதல் காரியம் கதைப் புத்தகத்தை வாய்விட்டு வாசித்துக் காட்டுவது. அ, ஆ எழுத வைப்பது அதற்கு ரொம்பப் பின்னால் வருகிற காரியம்.

தாமதமாகத் தொடங்கினால் பின்தங்கிவிடுவானோ என்ற பயத்துக்கு நியூசிலாந்திலிருந்து ஒரு பதில் உண்டு. அங்கே பெரும்பாலான குழந்தைகள் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்குகிறார்கள். ஸ்டைனர் பள்ளிகள் என்ற தனி வகைப் பள்ளிகளில் ஏழு வயதில். ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டு குழுவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பதினொரு வயது வாக்கில் வாசிப்பில் வேறுபாடு மறைந்துவிட்டது. புரிந்து வாசிப்பதில் தாமதமாகத் தொடங்கியவர்கள் கொஞ்சம் முன்னே இருந்தார்கள். இடைப்பட்ட அந்த இரண்டு வருஷமும் அவர்கள் பேச்சும் கதையும் பாட்டுமாக வளர்ந்தார்கள் என்பதை மறந்துவிட வேண்டாம். எழுத்தையும் விட்டு, பேச்சையும் விட்டு, கையில் போனைக் கொடுத்து உட்கார வைத்தால் இந்த முடிவு வராது.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பின்லாந்து சொர்க்கம் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்களுக்கும் தலைவலி உண்டு, அது ஆள் பற்றாக்குறை. தகுதியுள்ள ஆசிரியர்கள் கிடைப்பதில்லை, தலைநகர்ப் பகுதியில் இன்னும் மோசம். 2030-க்குள் பணியாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் உயர்கல்வி பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டு, ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று, சிறு குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ளும் பெற்றோருக்கு அரசு உதவித்தொகை தருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் பல தாய்மார்கள் அதை எடுத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுவதால், ஃபின்னிஷ் மொழியைச் சீக்கிரம் கேட்கவேண்டிய குழந்தைகள்தான் தாமதமாக வருகிறார்கள். உங்கள் அக்காவைக் கேட்டால் இதைப் பற்றி அவருக்கு நிறையச் சொல்ல இருக்கும்.

சிங்கப்பூரில் ஒரு விஷயம் உங்களை ஆச்சரியப்படுத்தும். அங்கேயும் முதல் வகுப்பு, குழந்தைக்கு ஏழு வயது நிறையும் ஆண்டில்தான். பின்லாந்தும் சிங்கப்பூரும் இதில் ஒன்று. வேறுபாடு, முதல் வகுப்புக்குப் போகும்போது குழந்தை ஓரளவு வாசிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பது. அந்த எதிர்பார்ப்பு கிண்டர்கார்டனுக்குள் இறங்கிவிடுகிறது, அதற்கும் கீழே டியூஷனுக்குள்ளும் இறங்குகிறது. அரசாங்கத்துக்கே இது உறுத்தியிருக்கிறது: 2019-இலிருந்து முதல் இரண்டு வகுப்புகளில் மதிப்பெண்ணுக்குக் கணக்கில் எடுக்கும் தேர்வுகளை நீக்கிவிட்டார்கள். உங்கள் நாத்தனார் மகள் தமிழும் வாசிக்கிறாள் என்பது எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிறது. கல்வி அமைச்சு 2014-இல் தொடங்கிய கிண்டர்கார்டன்களில் தமிழும் உண்டு. இருந்தாலும் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்று சொன்னவர்கள் 48 சதவீதம், பத்து வருஷம் முன்பு 32 சதவீதம். வீட்டில் பேசாத மொழியைப் பள்ளி மட்டும் தூக்கி நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று அங்குள்ள தமிழ் ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும்.

அப்படியென்றால் நம் எல்.கே.ஜி.யில் ஏன் நான்கு வயதில் இரண்டு பக்கம்? இதற்கு எனக்குக் கிடைத்த பதிலை ஒரு வகுப்பறையில்தான் கற்றுக்கொண்டேன். பயிற்சி கொடுக்கத் தொடங்கிய புதிதில் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். ஒரே அறை, ஒரே ஆசிரியை, 43 குழந்தைகள். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். வகுப்பு முடிந்ததும் அவரிடம், எழுத்தைக் குறைத்து விளையாட்டைக் கூட்டலாமே என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "மேடம், இவர்களை நான் எழுந்திருக்க விட்டால், ஒருத்தன் கதவைத் தாண்டிப் போவான், ஒருத்தி கீழே விழுவாள். எழுதச் சொன்னால்தான் எல்லோரும் உட்காருவார்கள். சாயங்காலம் அம்மாக்கள் நோட்டைத்தான் பிரித்துப் பார்க்கிறார்கள்" என்றார். அன்றைக்கு நான் சொன்ன அறிவுரை அவருக்கு எந்த வகையிலும் உதவவில்லை. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. எழுத்துப் பயிற்சி அங்கே கல்வி முறை இல்லை. தனியாக விடப்பட்ட ஒரு பெண் 43 உயிர்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளக் கண்டுபிடித்த வழி. மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் இருபது பேருக்கு ஒரு பெரியவர் என்று நம் நாட்டின் 2013-ஆம் ஆண்டு தேசிய முன்பருவக் குழந்தைக் கல்விக் கொள்கை சொல்கிறது. மூன்று முதல் ஆறு வயதுக்குப் பாடப்புத்தகமே கூடாது என்கிறது 2022-இல் வந்த அடிப்படை நிலைக் கலைத்திட்டம், அதாவது சிறு குழந்தைகளுக்கான தேசியப் பாடத்திட்டச் சட்டகம். கல்வி உரிமைச் சட்டமோ ஆறு வயதில்தான் தொடங்குகிறது. அதனால் உங்கள் மகனுடைய வகுப்பை இந்தக் கண்ணோடு வந்து பார்ப்பவர் யாரும் அனேகமாக இல்லை.

அந்த வகுப்பறைக்குப் பிறகு எந்த நாட்டைப் பற்றிப் படித்தாலும் நான் தேடுவது ஒன்றைத்தான்: குழந்தையோடு இருக்கும் பெரியவர் யார், அவரிடம் எத்தனை குழந்தைகள், அவர் அந்த வேலையில் எத்தனை வருஷம் நிலைத்திருக்கிறார். இப்படிப் பார்த்தால் நாடுகளின் கஷ்டங்கள் வேறு வேறு முகத்தோடு இருந்தாலும் உள்ளே நெருங்கிய சொந்தங்களாகத் தெரிகின்றன.

ஜெர்மனியை எடுங்கள். கிண்டர்கார்டன் என்ற பெயரே அங்கே ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் 1840-இல் வைத்தது. ஒரு வயது முடிந்த ஒவ்வொரு குழந்தைக்கும் இடம் கிடைப்பது 2013 முதல் சட்டப்படி உரிமை. ஆனால் ஆள் இல்லாமல் இடம் இல்லை. இருக்கிற இடத்திலும் நேரத்தைக் குறைக்கிறார்கள். பிரான்சில் 2019 முதல் மூன்று வயதிலேயே பள்ளி கட்டாயம், ஆசிரியர்கள் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இணையாகப் படித்தவர்கள், ஆனால் ஒரு வகுப்பில் இருபதுக்கு மேல். ஜப்பானில் காப்பகத்தில் இடம் கிடைக்காமல் காத்திருந்த குழந்தைகள் 2017-இல் 26 ஆயிரத்துக்கும் மேல். புதிதாகக் கட்டினார்கள், பிறப்பும் குறைந்தது, எண்ணிக்கை மூவாயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. ஆனால் நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் 30 பேருக்கு ஓர் ஆசிரியர் என்று 1948-இல் போட்ட கணக்கை 25 ஆகக் குறைக்க 2024 வரை ஆனது. எழுபத்தாறு வருஷம்!

தென் கொரியா வேறு மாதிரி. அங்கே இடத்துக்குப் பஞ்சம் இல்லை, போட்டிதான் பிரச்சினை. ஆங்கிலத் தனிப்பயிற்சி நிலையத்தில் சேர்வதற்கே நான்கு வயதுக் குழந்தைக்குத் தேர்வு வைக்கிறார்கள் என்ற செய்தி அந்த நாட்டையே உலுக்கியது. 2022-இல் பள்ளி சேரும் வயதை ஓராண்டு குறைக்கலாம் என்று அரசு சொன்னதும் பெற்றோர் தெருவுக்கு வந்துவிட்டார்கள். சில நாட்களில் கல்வி அமைச்சர் பதவி விலகினார், திட்டமும் போய்விட்டது. சீனாவில் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த முன்பள்ளிச் சட்டம், தொடக்கப் பள்ளிப் பாடத்தைக் கிண்டர்கார்டனில் நடத்தக் கூடாது என்று தடையே போட்டிருக்கிறது. சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்கு அங்கேயும் நம் கதைதான் ஓடியிருக்கிறது.

அமெரிக்காவில் நடந்த இரண்டு விஷயங்களைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு நேர் பதில் இதில் இருக்கிறது. 1960களில் மிச்சிகன் மாநிலத்தில் பெர்ரி முன்பள்ளி என்று ஒரு திட்டம். ஏழைக் குடும்பங்களின் 123 குழந்தைகள், அவர்களில் 58 பேருக்கு மட்டும் முன்பள்ளி. ஐந்தாறு குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர், வாரம் ஒருமுறை அந்த ஆசிரியரே வீட்டுக்கு வந்து அம்மாவோடும் குழந்தையோடும் உட்காருவார். நாற்பது வயதிலும் அந்த 58 பேர் அதிகம் வேலையில் இருந்தார்கள், அதிகம் சம்பாதித்தார்கள், குறைவாகக் கைதானார்கள். உலகத்தில் முன்பள்ளிக்குப் பணம் கேட்கும் எல்லோரும் இந்த ஆய்வைக் காட்டித்தான் கேட்கிறார்கள்.

இரண்டாவது, டென்னசி மாநிலம். அங்கே மாநில அளவில் முன்பள்ளி நடத்துகிறார்கள். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானதால் குலுக்கலில் சேர்த்தார்கள். ஏறக்குறைய மூவாயிரம் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். முன்பள்ளி முடிந்த கையோடு அந்தக் குழந்தைகள் முன்னே இருந்தார்கள், எழுத்து தெரிந்தது. மூன்றாம் வகுப்புக்குள் அது கரைந்துவிட்டது. 2022-இல் ஆறாம் வகுப்பு முடிவுகள் வந்தபோது, முன்பள்ளிக்குப் போனவர்கள் போகாதவர்களைவிடப் படிப்பில் பின்தங்கியிருந்தார்கள், ஒழுங்குப் பிரச்சினைகளும் அதிகம். நான் இதை முதலில் படித்தபோது இரண்டு தடவை திருப்பிப் படித்தேன். ஒரே நாடு, ஒரே பெயர், எதிரெதிர் முடிவு. ஏன் என்று பலரும் விவாதிக்கிறார்கள். உட்கார வைத்து, கும்பலாகச் சொல்லிக்கொடுத்து, அடிக்கடி அதட்டுகிற வகுப்பில் நான்கு வயது கழிந்தால் அது பின்னால் கேட்கும் என்பது என் கருத்து. ஆக, "எந்த நாடு" என்று கேட்பதே வீண். ஒரு நாட்டுக்குள்ளேயே இவ்வளவு தூரம் இருக்கிறது.

இன்னொரு நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது உங்களையும் என்னையும் போன்ற பெரியவர்களுக்கு. கானா 2007 முதல் இரண்டு வருஷக் கிண்டர்கார்டனைக் கட்டாய இலவசக் கல்வியில் சேர்த்துவிட்டது. பல பணக்கார நாடுகள் செய்யாதது. குழந்தைகள் வந்துவிட்டார்கள், ஆனால் ஆசிரியர்களில் பலருக்கு இந்த வயதுக்கான பயிற்சி இல்லை. கரும்பலகையைப் பார்த்துக் கோரஸாகச் சொல்வதுதான் பாடம். அங்கே 240 பள்ளிகளில் ஒரு முயற்சி நடந்தது. சில பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு விளையாட்டு வழியில் கற்பிக்கப் பயிற்சி, பிறகு வகுப்பறைக்கே வந்து துணை. இன்னும் சில பள்ளிகளில் அதோடு பெற்றோருக்கும் மூன்று கூட்டம் வைத்து, விளையாட்டின் அருமையை வீடியோவில் காட்டினார்கள். ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்த பள்ளிகளில் குழந்தைகள் முன்னேறினார்கள். பெற்றோர் கூட்டமும் சேர்ந்த பள்ளிகளில் அந்த முன்னேற்றம் காணாமல் போனது. பெற்றோர் கெட்டவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. படிப்பு என்றால் நோட்டில் தெரிய வேண்டும் என்ற நம்பிக்கை, வேறு வழி தெரியாத வாழ்க்கையிலிருந்து வருகிறது. மூன்று கூட்டத்தில் அது மாறாது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். எனக்கு அந்த 43 குழந்தைகளின் ஆசிரியை சொன்னது உடனே நினைவுக்கு வந்தது: அம்மாக்கள் நோட்டைத்தான் பார்க்கிறார்கள்.

உலகம் முழுக்கப் பார்த்தால் நாம் பேசுவதெல்லாம் உள்ளே வந்துவிட்ட குழந்தைகளைப் பற்றி. முன்பள்ளி வயதில் இருந்தும் எங்கும் சேராதவர்கள் 17.5 கோடிக்கும் மேல் என்று யுனிசெஃப் 2019-இல் கணக்கிட்டது, அதாவது அந்த வயதினரில் பாதிப்பேர். இந்தியாவில் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று சுமார் 14 லட்சம் அங்கன்வாடிகளாக விரிந்திருக்கிறது. இவ்வளவு பெரிய ஏற்பாடு வேறு எங்கும் இல்லை. ஆனால் அங்கன்வாடி ஊழியர் ஒருவரே சத்துணவு, எடை பார்ப்பது, தடுப்பூசிக்கு அழைத்து வருவது, கர்ப்பிணிகள் கணக்கு, பதிவேடு, செயலி எல்லாம் பார்த்துவிட்டு மிச்ச நேரத்தில் கதை சொல்ல வேண்டும். அதற்குத் தருவதைச் சம்பளம் என்றுகூடச் சொல்வதில்லை, மதிப்பூதியம் என்கிறோம். தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வில், அங்கன்வாடியில் அரைநாள் வேலைக்கு இன்னும் ஒரு பெண்ணை மட்டும் சேர்த்துப் பார்த்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை வருஷத்தில் குழந்தைகளின் மொழியும் கணக்கும் தெளிவாக உயர்ந்தன. எதிர்பாராத விதமாக வளர்ச்சிக் குறைபாடும் கடுமையான சத்துக் குறைவும்கூடக் குறைந்தன; பழைய ஊழியருக்கு அந்த வேலைகளைப் பார்க்க நேரம் கிடைத்ததே காரணம். கட்டடம் இல்லை, டேப்லெட் இல்லை. ஒரு ஆள். இதைப் பற்றிப் பேசும்போது என்னால் குரலை உயர்த்தாமல் இருக்க முடிவதில்லை.

ஜமைக்காவில் 1980களில் செய்ததும் இதே வகை. வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீட்டுக்கு, அதே பகுதியைச் சேர்ந்த சுகாதாரப் பணியாளர் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருஷம் போனார். வீட்டில் கிடைப்பதில் பொம்மை செய்து அம்மாவும் குழந்தையும் சேர்ந்து விளையாடக் காட்டிக்கொடுத்தார். இருபது வருஷம் கழித்து அந்தக் குழந்தைகளின் வருமானம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம்.

ஆக, வெளிநாடு போகலாமா என்றால், கணவரின் வேலைக்காக, உங்கள் வாழ்க்கைக்காகப் போவது என்றால் தாராளமாகப் போங்கள். மகனுடைய நான்கு வயதுக்காக என்றால் வேண்டாம். புது மொழி, புது ஊர், தாத்தா பாட்டி இல்லாத வீடு, இவையும் அவன் தலையில் விழும். அவனுக்கு நாட்டை மாற்ற வேண்டியதில்லை. தேவைப்பட்டால் வகுப்பை மாற்றினால் போதும்.

அதற்கு முன்னால் ஆசிரியையைப் பாருங்கள். பள்ளி விட்ட பிறகு, மற்ற பெற்றோர் இல்லாத நேரத்தில். "எங்களுக்காக நீங்கள் நோட்டை நிரப்ப வேண்டாம், அவன் இன்று என்ன பேசினான் என்று ஒரு வரி சொன்னால் போதும்" என்று சொல்லுங்கள். பல ஆசிரியைகளுக்கு இதைக் கேட்டதும் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். யாராவது ஒருவர் தங்களை அந்த இரண்டு பக்கத்திலிருந்து விடுவிக்க மாட்டார்களா என்று அவர்களும் காத்திருக்கிறார்கள். அவர் முடியாது என்றால் முதல்வரிடம் போங்கள், கலைத்திட்டமே இதைக் கேட்கவில்லை என்று நிதானமாகச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு மூன்று பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. ஒரு அம்மா சொன்னால் புகார், நாலு அம்மா சொன்னால் யோசிப்பார்கள். அப்படியும் அசையவில்லை, பையன் காலையில் பள்ளிக்குப் போகவே பயப்படுகிறான் என்றால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்காதீர்கள், மாற்றிவிடுங்கள்.

வேறு பள்ளி பார்க்கப் போனால் சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அரைமணி நேரம் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். குழந்தைகளை எண்ணுங்கள், பெரியவர்களை எண்ணுங்கள். குழந்தைகள் பேசும் சத்தம் அதிகமா, ஆசிரியர் சத்தம் அதிகமா என்று கேளுங்கள். ஒரு குழந்தை அழுதால் யார் போகிறார்கள், எவ்வளவு நேரத்தில் போகிறார்கள் என்று கவனியுங்கள். போன வருஷம் இருந்த ஆசிரியைகளில் எத்தனை பேர் இந்த வருஷமும் இருக்கிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். வருஷா வருஷம் ஆள் மாறுகிற பள்ளியில் எந்தப் பாடத்திட்டமும் நிற்காது. உட்காரவே விடமாட்டோம் என்று சொல்கிற இடத்தில் சேர்க்காதீர்கள்.

வீட்டில் உங்களுக்கு வசதியான மொழியில், நிறைய, முழு வாக்கியத்தில் பேசுங்கள். பள்ளியில் ஆங்கிலம் என்பதற்காக வீட்டில் உடைந்த ஆங்கிலத்துக்கு மாறாதீர்கள். நியூசிலாந்தில் மாவோரி மக்கள் தங்கள் மொழி அழியப் போகிறது என்று தெரிந்ததும், 1982-இல் 'மொழிக் கூடுகள்' என்று தொடங்கிப் பாட்டிமார்களையே குழந்தைகளோடு உட்கார வைத்தார்கள். மொழி தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருப்பதைவிட நல்ல பாடப்புத்தகம் இந்த வயதுக்கு இல்லை. உங்கள் வீட்டில் மாமியாரோ அம்மாவோ இருந்தால் தினமும் ஒரு கதை அவர்களுடைய பொறுப்பு என்று வைத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். எழுதுவதில் மட்டும் இல்லாமல், பட்டன் போடுவது, ஸ்பூன் பிடிப்பது, படியேறுவது எல்லாவற்றிலும் கை கால் தடுமாறுகிறது என்றாலோ, அவன் பேசுவது வெளியாட்களுக்குப் புரியவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணையும் காதையும் ஒருமுறை சோதித்துவிடுவது எப்படியும் நல்லது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு வீடியோ காலில் அக்காவிடம், அவள் மகன் குழுவில் எத்தனை குழந்தைகள், எத்தனை பெரியவர்கள், கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை பேர் மாறினார்கள் என்று கேளுங்கள். நாத்தனாரிடமும் அதையே கேளுங்கள். பிறகு உங்கள் மகனுடைய ஆசிரியையிடமும் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள். அவனை எந்த வகுப்பில் விடலாம் என்பதை அந்த மூன்று பதிலையும் வைத்துச் சேர்ந்து யோசிப்போம்.